ஒலிம்பிக் விழாவிற் கலைக்கும் பதக்கம் அளித்த காலம்

ஓடுவோனுக்கும் தாண்டுவோனுக்கும் பதக்கம் அளிக்கும் ஒலிம்பிக் விழாவிலே, ஒரு காலத்தில் ஓவியனுக்கும், சிற்பிக்கும், புலவனுக்கும், இசைவல்லோனுக்கும், கட்டிடக் கலைஞனுக்கும் அதே பொன், வெள்ளி, வெண்கலப் பதக்கங்கள் அளிக்கப்பட்டன என்றால் இன்றைய இளைஞர் பலர் நம்பமாட்டார். 1912ஆம் ஆண்டு தொடக்கம் 1948ஆம் ஆண்டு வரை நடந்த ஏழு விழாக்களிலும் இது நிகழ்ந்தது. விளையாட்டைப் பொருளாகக் கொண்ட ஆக்கங்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்தன. அவற்றைக் கண்காட்சியாக வைத்தனர். நடுவர் குழு அமர்ந்து ஆராய்ந்து பரிசில் வழங்கிற்று. பின்னர் ஒரு விதியின் பெயரால் அத்தனையும் நிறுத்தப்பட்டன. அவ்விதி நீதியானதுதானா என்பது இன்றும் கேட்கத் தகுந்த கேள்வி. அதற்கு முன் நடந்த வரலாற்றை ஒருமுறை பார்த்துவிடுதல் நலம்.

விளையாட்டும் கலையும் உறவு கொண்டாடியது புதிதன்று. கிரேக்க நாட்டின் ஒலிம்பியாவிலே கி. மு. 776 முதல் விழா நடந்ததென்பது மரபு. அங்கே வென்றவன் தலையிற் சூடியது ஒலிவ இலை மாலை ஒன்றே. ஆயினும் ஊர் திரும்பியதும் அவன் புகழைப் பாடப் பிந்தார் போன்ற பெரும் புலவர்கள் இருந்தார்கள். அவன் உருவை வெண்கலத்தில் வார்க்கச் சிற்பிகள் இருந்தார்கள். மைரன் என்னும் சிற்பி கி. மு. ஐந்தாம் நூற்றாண்டிற் செய்த தட்டெறிவோன் சிலையைப் படத்திலேனும் காணாதார் இலர். உடல் முறுக்கிக் கை பின்னே உயர்ந்து, எறிவதற்கு முந்திய ஒரு கணத்தில் நிற்கும் அவ்வுருவத்தின் மூலச்சிலை மறைந்துவிட்டது. உரோமர் சலவைக்கல்லிற் செய்துவைத்த பிரதிகளே நமக்குக் கிடைத்துள்ளன. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒலிம்பியாவிற் கவிதைக்கோ இசைக்கோ முறையான போட்டி இருக்கவில்லை. கட்டியம் கூறுவோர்க்கும் எக்காளம் ஊதுவோர்க்கும் மட்டுமே பிற்காலத்திற் போட்டி வைத்தனர். இசைப் போட்டிக்குப் பேர்பெற்ற இடம் டெல்பி. அங்கே அப்பொல்லோ தெய்வத்தின் திருமுன் நடந்த விழாவிற் பாட்டும் யாழும் முந்தி வந்தன. ஓட்டமும் மற்போரும் பிந்தி வந்தன.

நம்மவர்க்கும் இவ்வுறவு அந்நியமன்று. சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையார் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. அதனைப் படிப்போர் மல்லர் பிடியையும் கால் பின்னலையும் நேரிற் கண்டதுபோல் உணர்வர். ஏறு தழுவும் இளைஞரையும், பரணேறி நின்று பார்க்கும் மகளிரையும் முல்லைக்கலி விரிவாகக் காட்டுகிறது. விளையாட்டுப் புலவனுக்கு உரிய பொருளன்று என்று நம் முன்னோர் கருதவில்லை.

இனி, ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். 1863இற் பாரிஸ் மாநகரிற் பிறந்தவர் பியேர் தெ கூபேர்த்தன் என்னும் பிரபு. பிரான்சு 1870இல் தொடங்கிய போரில் யேர்மனியரிடம் தோற்றுத் தலைகுனிந்த காலத்தில் வளர்ந்தவர். தம் நாட்டு வாலிபர் புத்தகப் புழுக்களாய்ப் போயினர் என்று வருந்தி, இங்கிலாந்தின் கல்லூரிகளிலே விளையாட்டுக்கு அளிக்கப்பட்ட இடத்தைக் கண்டு வியந்தவர். அவருடைய முயற்சியால் 1894இற் சர்வதேச ஒலிம்பிக் குழு தோன்றிற்று. 1896இல் அதென்ஸ் நகரில் முதல் விழா நடந்தது. ஆனால் அவர் மனம் நிறையவில்லை. தசைநார்களின் போட்டி மட்டுமாயின் இது சந்தைப் பந்தயத்தினின்று எவ்வாறு வேறாகும் என்பது அவர் கவலை. 1906ஆம் ஆண்டு வைகாசி மாதத்திற் பாரிஸின் புகழ்பெற்ற நாடகசாலையாகிய கொமெடி பிரான்சேஸிற் கலைஞரையும் விளையாட்டுத் தலைவர்களையும் ஒருங்கே கூட்டினார். கட்டிடம், சிற்பம், ஓவியம், இசை, இலக்கியம் ஆகிய ஐந்துக்கும் போட்டி வைத்தல் வேண்டும். ஒவ்வோர் ஆக்கமும் விளையாட்டிலிருந்து பிறந்ததாயும் முன்னர் வெளிவராததாயும் இருத்தல் வேண்டும் என்று அங்கே வகுக்கப்பட்டது. இதனைக் கலைமகளிரின் ஐம்போட்டி என்று அவர் அழைத்தார்.

1908ஆம் ஆண்டு விழா உரோமாபுரியில் நடக்கவேண்டியது. அது இலண்டனுக்கு மாறியதால் ஆயத்தம் செய்யக் காலம் போதவில்லை. 1912இற் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோமிற் கூடிய விழாவிலேதான் எண்ணம் நிறைவேறியது. அதுவும் எளிதாக அன்று. சுவீடன் கலைஞர்களே எதிர்த்தார்கள். கலையை அளக்க எந்த முழக்கோல் உண்டு என்பது அவர்கள் வாதம். விழாக் குழு பின்வாங்க, கூபேர்த்தன் தாமே பொறுப்பேற்று நடத்தினார். வந்து சேர்ந்தவர் முப்பது சொச்சம் பேரே. ஓவியத்துக்கும் இசைக்கும் இத்தாலியர் பொற்பதக்கம் பெற்றனர். கட்டிடக் கலைக்குச் சுவிற்சர்லாந்தினர் இருவர் பெற்றனர்.

சிற்பத்துக்குப் பெற்றவர் வால்டர் வைனன்ஸ் என்னும் அமெரிக்கர். வெண்கலத்தில் ஒரு பந்தயக் குதிரையைச் செய்திருந்தார். இவர் வெறுஞ் சிற்பியல்லர். 1908இற் குறிபார்த்துச் சுடும் போட்டியிற் பொற்பதக்கம் பெற்றவர். அதே 1912இலும் சுடுதலில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒரே விழாவில் துப்பாக்கி பிடித்த கையும் உளி பிடித்த கையும் ஒருவருடையதாயிருந்தது ஓர் அதிசயமே.

இலக்கியத்தில் நடந்தது அதனினும் சுவையானது. விளையாட்டைப் போற்றும் ஒரு பாட்டுக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. எழுதியவர்கள் ஜோர்ஜ் ஹோறொட், மார்ட்டின் எஷ்பாக் என்னும் இருவர் எனப் பெயர் கொடுக்கப்பட்டிருந்தது. உண்மையில் அப்படி இரு புலவர் உலகில் இல்லை. எழுதியவர் கூபேர்த்தனே! அவருடைய மனைவி பிறந்த அல்சாஸ் பகுதியிலுள்ள இரு ஊர்களின் பெயர்களே புலவர் பெயர்களாக நின்றன. நம் திருவிளையாடற் புராணம் அறிந்தார்க்கு இவ்விடத்திற் தருமியின் ஞாபகம் வராமற் போகாது. ஆங்கே இறைவன் எழுதிய பாட்டை ஏழைப் பிரமசாரி கொண்டு வந்தான். ஈங்கே விழாவின் தந்தை எழுதிய பாட்டை இல்லாத இருவர் கொண்டு வந்தனர். வேற்றுமை யாதெனின், பாண்டியன் சபையில் ஒரு நக்கீரர் இருந்தார். ஸ்டொக்ஹோமிற் குற்றம் சொல்ல ஒருவரும் எழவில்லை.

1920இல் அன்ற்வேர்ப் நகரில் நடந்த போட்டி பெயரளவில் முடிந்தது. முதலாம் உலகப் போரின் புண் அப்பொழுது ஆறியிருக்கவில்லை.

1924ஆம் ஆண்டுப் பாரிஸ் விழாவிலேதான் கலைப் போட்டி பெருமையுடன் நடந்தது. ஏறக்குறைய இருநூறு கலைஞர் பங்குபற்றினர். நடுவராய் இருந்தோர் பெயர்களைப் பாருங்கள்: இசைக்கு ஸ்ட்ராவின்ஸ்கி, றவெல், பார்டொக், இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டு அம்மையார் செல்மா லாகெர்லோவ். அக்காலத்திலே இவர்களினும் பெரியோரைத் தேடுதல் அரிது. இசை நடுவர் குழு வந்த ஆக்கங்கள் அனைத்தையும் ஆராய்ந்து, ஒருவருக்கும் பதக்கம் இல்லை என்று தீர்ப்புக் கூறிற்று. நக்கீரர் இங்கே வந்து சேர்ந்தார் போலும். ஓட்டப் பந்தயத்தில் எவ்வளவு மெதுவாக ஓடினும் முதலாவதாய் வந்தவனுக்குப் பொற்பதக்கம் உண்டு. கலையிலோ முதலிடத்தை வெறுமையாக விடும் உரிமையை நடுவர் தமக்கென வைத்துக்கொண்டனர். இது பின்வந்த விழாக்களிலும் பலமுறை நிகழ்ந்தது. கடுமையான முறைதான், ஆயினும் தரத்தைக் காக்க வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

அதே விழாவில் ஓவியத்துக்கு வெள்ளிப் பதக்கம் பெற்றவர் அயர்லாந்து நாட்டு ஜாக் யேட்ஸ். தாகூரின் கீதாஞ்சலி ஆங்கிலத்தில் வந்தபொழுது அதற்கு முன்னுரை எழுதிய கவிஞர் யேட்ஸ் இவருடைய தமையனார். டப்ளின் நகரின் நடுவே ஓடும் லிபி ஆற்றில் ஆண்டுதோறும் நடக்கும் நீச்சற் போட்டியை இவர் வரைந்தார். அந்த ஓவியத்தின் சிறப்பு, நீந்துவோரைப் பெரிதாகக் காட்டாமையே. படத்தின் முன்புறம் எல்லாம் கரையில் முண்டியடித்து எட்டிப் பார்க்கும் சனங்களின் தோள்களும் தலைகளுமாய் இருக்கும். படத்தைப் பார்ப்பவரும் அக்கூட்டத்துள் ஒருவராகி, முன்நிற்போர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்க வேண்டியவராகின்றார். வல்வெட்டித்துறையிலோ மட்டக்களப்பு வாவியிலோ படகோட்டம் பார்க்கக் கரையில் நின்று பழகியோர் இந்த ஓவியத்தை உடனே விளங்கிக்கொள்வர். இன்று அது டப்ளினிலுள்ள அயர்லாந்துத் தேசியச் சித்திரசாலையில் இருக்கின்றது.

அயர்லாந்து சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள் கழிந்திருந்தன. சுதந்திர நாடாக அது தோன்றிய முதல் ஒலிம்பிக் விழா அதுவே. அந்நாட்டுக்குக் கிடைத்த முதற் பதக்கமும் ஓவியர் யேட்ஸ் கொணர்ந்த அவ்வெள்ளியே. பொற்பதக்கம் பெற்றவர் லக்சம்பேர்க் நாட்டு ஜீன் ஜக்கோபி. அவர் 1928இலும் இன்னொரு பொற்பதக்கம் பெற்றார். ஒலிம்பிக் கலைப் போட்டியில் இருமுறை பொன் பெற்றவர் அவர் ஒருவரே. ஆனால் காலம் என்னும் நடுவர் வேறு தீர்ப்பு எழுதிவிட்டார். ஜக்கோபியை அவர் நாட்டினருக்கு வெளியே அறிவார் சிலர். யேட்ஸோ இருபதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் தலைசிறந்த ஓவியர் எனக் கொண்டாடப்படுகிறார்.

ஹங்கேரி நாட்டு அல்பிறெட் ஹாயோஷின் கதையை இளைஞர் அறிந்துகொள்ளல் வேண்டும். பதின்மூன்று வயதிலே தந்தையார் தன்யூப் நதியில் மூழ்கி இறக்கக் கண்டு, அதன்பின் நீந்தக் கற்றவர். 1896இல் அதென்ஸ் விழாவில் நீச்சற் போட்டி கடலிலே நடந்தது. குளிர் எலும்பைத் துளைக்க, மேனியிற் கொழுப்பைப் பூசிக்கொண்டு 1200 மீற்றர் நீந்தினார். அதிலும் 100 மீற்றரிலும் அவரே முதலாவது. அப்பொழுது அவர் கட்டிடக் கலை மாணவர். இருபத்தெட்டு ஆண்டுகளின் பின், இன்னொருவருடன் சேர்ந்து வரைந்த விளையாட்டரங்கத் திட்டத்துக்காகப் பாரிஸில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். பொன் அவ்வாண்டு ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. விளையாட்டிலும் கலையிலும் பதக்கம் பெற்றவர் உலகில் இருவரே. வைனன்ஸ் ஒருவர், ஹாயோஷ் மற்றவர். ஹாயோஷ் அமைத்த பெரிய நீச்சல் மண்டபம் 1930இற் புடாபெஸ்ற் நகரில் எழுந்தது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

1928இல் ஒல்லாந்து நாட்டு அம்ஸ்ரர்டாமில் நகரக் கலைச்சாலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கங்கள் வைக்கப்பட்டன. கட்டிடக் கலைக்குப் பொன் பெற்றவர் அவ்விழா நடந்த அரங்கத்தையே கட்டிய யான் வில்ஸ். கண்காட்சி முடிந்தபின் கலைஞர் தம் படைப்புகளை விற்கலாம் என்றும் அனுமதி அளித்தார்கள். அந்த அனுமதியே பின்னர் வந்த வினைக்கு வித்தாயிற்று. 1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காட்சிச்சாலையில் நடந்த கண்காட்சியைக் கண்டோர் தொகை 384,000 என்பர். உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, விளையாட்டு வீரர் பலர் கப்பற் செலவுக்கு வழியின்றி வீட்டில் இருந்துவிட்ட ஆண்டு அது. ஓவியத்தை அனுப்புவது ஆளை அனுப்புவதினும் மலிவு!

1936இற் பேர்லின். இதனைப் பற்றி எழுதக் கை கூசுகின்றது. ஹிட்லரின் ஆட்சி, பிரசார மந்திரி கோயபல்ஸின் பிடியில் நாட்டுக் கலைகள் யாவும் இருந்தன. நடுவரிற் பெரும்பாலோர் யேர்மனியர். மற்றெந்த நாட்டினரினும் மிகுதியான பதக்கங்கள் யேர்மனியருக்கே. பாடல் இசைப் பிரிவில் மூன்று பதக்கங்களையும் அவர்களே எடுத்துக்கொண்டனர். மறுவருடம் அதே அரசு புதுமுறை ஓவியங்களைச் சீரழிந்த கலை என்று பெயரிட்டு மியூனிக் நகரில் ஏளனத்துக்காகக் காட்சிக்கு வைத்தது. நடுவர் நாற்காலியில் அரசியல் ஏறி அமர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. யப்பானிய ஓவியர் இருவர் வெண்கலம் பெற்றது ஒன்றே அவ்வாண்டு ஆசியாவுக்குக் கிடைத்த ஆறுதல்.

போர் முடிந்து 1948இல் இலண்டனில் விழா கூடியது. அதுவே கலைக்குக் கடைசி விழா. விக்டோரியா அல்பேட் காட்சிச்சாலையிற் கண்காட்சி நடந்தது. ஓவியத்துக்குப் பொன் பெற்ற அல்பிறெட் தொம்சன் செவிப்புலன் அற்றவர். குத்துச்சண்டைக் காட்சி ஒன்றை வரைந்திருந்தார். செதுக்கோவியத்துக்கு வெள்ளி பெற்ற ஜோன் கொப்லி என்னும் ஆங்கிலேயருக்கு வயது 73. பின்லாந்தின் பெண்புலவர் ஆலே தின்னி கவிதைக்குப் பொன் பெற்றார். கலைப் போட்டிகளிற் பொன் பெற்ற பெண்மணி அவர் ஒருவரே.

சிலைப் பிரிவில் வெள்ளி பெற்றவர் பெயரை நம்மவர் மறந்திருக்கக் கூடாது. அவர் சிந்தாமணி கார். வங்காளத்திற் கரக்பூரில் 1915இற் பிறந்தவர். இலண்டனில் வாழ்ந்தமையாற் பிரித்தானியாவின் சார்பிற் போட்டியிட்டார். பனிச் சறுக்கலில் மான் துள்ளுவதுபோல் உடலை வளைக்கும் ஒரு நிலையைச் சிலையாக வடித்தார். அதற்கு மான் என்றே பெயர். கரக்பூரின் வெயிலிற் பிறந்தவர் பனிக்கட்டி மேல் ஆடும் ஆட்டத்தின் அழகைக் கண்டுபிடித்துப் பதக்கம் பெற்றார்.

அதே விழாவில், இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதம் நிறையும் முன்னர், நம் டங்கன் வைற் 400 மீற்றர் தடை தாண்டி ஓடும் போட்டியில் 51.8 வினாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். இலங்கைக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம். அயர்லாந்துக்கு ஓர் ஓவியர் செய்ததை நமக்கு ஓர் ஓட்டக்காரர் செய்தார்.

இனி, போட்டி ஏன் நிறுத்தப்பட்டது? ஒலிம்பிக்கிற் பங்குபற்றுவோர் பொழுதுபோக்காக விளையாடுவோராய் இருத்தல் வேண்டும், அதனாற் பணம் ஈட்டுவோராய் இருத்தலாகாது என்பது அக்கால விதி. 1949இற் குழுவுக்கு ஓர் அறிக்கை வந்தது. கலைப் போட்டியாளர் ஏறக்குறைய எல்லாரும் கலையையே தொழிலாகக் கொண்டோர் என்று அது கூறிற்று. போட்டிக்குப் பதிலாகப் பதக்கமற்ற கண்காட்சி போதும் என்ற முடிவு உருவாகி, சில ஆண்டுத் தடுமாற்றத்தின் பின் 1954இல் உறுதியாயிற்று. இதற்கு முன்நின்றோரில் ஒருவர் 1952இற் குழுத் தலைவரான அமெரிக்கர் அவெரி பிறன்டேஜ். அவரே 1932இல் இலக்கியப் போட்டிக்குக் கட்டுரை அனுப்பிப் பாராட்டுப் பெற்றவர் என்பது வேடிக்கை. ஊதியம் கருதா விளையாட்டின் சிறப்பே அக்கட்டுரையின் பொருள்.

விதியை ஆக்கியவர் நோக்கத்தைக் குறைகூறவில்லை. ஆனால் அது செல்வர் வீட்டில் எழுதப்பட்ட விதி. கூலி வாங்காமற் பயில்வதற்கு வீட்டில் அடுப்பெரிதல் வேண்டும். 1912ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோமில் இரு பொற்பதக்கம் வென்ற செவ்விந்தியர் ஜிம் தோர்ப், முன்னொரு காலத்திற் சிறு தொகைக்குப் பந்தாடினார் என்பதற்காக மறுவருடம் பதக்கங்களை இழந்தார். அவை அவர் குடும்பத்துக்குத் திரும்பியது 1983இலே. அவர் மாண்டு முப்பது ஆண்டாயிற்று. விளையாட்டு வீரனுக்கே இக்கதி என்றால், கலைஞன் நிலை என்ன? கோயில் வீதியில் நாதசுவரம் வாசிக்கும் வித்துவான் சன்மானம் பெறுகிறார். ஆகவே அவர் கலைஞரல்லர் என்று நம்முள் யாரேனும் சொல்வாரா? பிந்தார் பாடிய புகழ்ப் பாடல்களும் பொருள் பெற்றுப் பாடியவையே. அவ்விதிப்படி அவரையும் வாயிலில் நிறுத்தியிருப்பர்.

போட்டியிற் குறையே இல்லை என்பதும் பொருந்தாது. பெருங் கலைஞர் பலர் நடுவராக வந்தனரேயன்றிப் போட்டியாளராக வரவில்லை. விளையாட்டைப் பற்றியே வரைதல் வேண்டும் என்ற கட்டளைக்கு உள்ளம் இசையாமற் போனோர் பலர். பரிசு பெற்ற பாட்டுகளுள்ளும் சிற்பங்களுள்ளும் பல இன்று எங்கே என்று தேடுவாரும் இல்லை. ஆயின் இவை தரத்தைப் பற்றிய குறைகள். தரக்குறைவுக்கு மருந்து நடுவர் கையிலேயே இருந்தது. கலைஞன் தன் கலையால் உண்கிறான் என்பதைக் குற்றமாக்கி வெளியே அனுப்பியது நீதியாகாது என்பதே என் எண்ணம். இளைஞருக்குக் கவலை தரும் இன்னொன்றும் உண்டு. 1980களில் அதே ஒலிம்பிக் குழு அந்த விதியை மெல்ல மெல்லக் கைவிட்டது. 1992இற் பார்சலோனாவில் அமெரிக்காவின் கோடீசுவரக் கூடைப்பந்தாட்டக்காரர் பொற்பதக்கம் அணிந்து நின்றனர். விதி போயிற்று, அவ்விதியால் வெளியேற்றப்பட்ட ஓவியனையும் புலவனையும் பதக்க மேடைக்குத் திரும்ப அழைக்கவில்லை.

1952இல் ஹெல்சிங்கியில் நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாயச் சென்றபோது அங்கே கலைக் கண்காட்சி இருந்தது, பதக்கம் இருக்கவில்லை. 1956இல் மெல்பேர்ணிலும் அவ்வாறே.

சிந்தாமணி கார் அந்த 1956ஆம் ஆண்டிற் கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரிக்குத் தலைவராகித் தாய்நாட்டிற் பல மாணவரை உருவாக்கி, 2005இற் காலமானார். ஏழு விழாக்களிலும் கலைக்கு வழங்கிய சுமார் நூற்றைம்பது பதக்கங்களை ஒலிம்பிக் குழு இன்று எந்த நாட்டின் கணக்கிலும் சேர்ப்பதில்லை. டங்கன் வைற்றின் வெள்ளி இலங்கையின் கணக்கில் இருக்கின்றது. அதே கோடையில், அதே நகரிற் கார் பெற்ற வெள்ளி பிரித்தானியாவின் கணக்கிலும் இல்லை. இந்தியாவின் கணக்கிலும் இல்லை.